மயில்கழுத்து நூல்

ஐஸ் பெட்டியின் மோட்டார் பக்கம் கதகதப்பாக இருக்கும் என்பதை அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பவுனுதான். கண்ணாடிக்குள் கைலாசம் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் மோட்டாரை ஒட்டிச் சுருண்டு படுத்திருந்தது அந்தக் கிழட்டு மஞ்சள் பூனை.

"ஏண்டி சங்கரி! பூனையைப் புடிடி. பொணத்தைத் தாண்டிச்சுன்னா குடும்பத்துக்கே ஆவாது" என்று கத்தினாள் நீலாம்பாள் அத்தை. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கால்களைச் சுருக்கிக்கொண்டார்கள்.

சங்கரி எழுந்து போய்ப் பூனையைத் தூக்கினாள். எலும்பும் தோலுமாக, ஒரு துண்டின் கனம்கூட இல்லை. அது பிராண்டவில்லை. அவள் தோள்மேல் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியையே பார்த்தபடி வந்தது.

"பின்ரூம்ல போட்டு அடைச்சுடு. மத்த ரெண்டும் எங்கே?"

"அதுங்களை அப்பவே அடைச்சாச்சு அத்தே."

பின்னறையில் முன்பெல்லாம் சாயம் போட்ட பட்டு நூல் கட்டுகள் தொங்கும். சங்கரியின் அண்ணன் கைலாசம் முப்பத்தைந்து வருஷம் பட்டுக்குச் சாயம் தோய்த்தவர். கல்யாணம் கட்டவில்லை. கடைசிக் காலத்தில் மூன்று பூனைகள்தான் குடும்பம். அந்த மூன்றுக்கும் மூன்று வியாதி. துரைக்கு மூத்திரக் கல். குண்டம்மாவுக்குச் சர்க்கரை. பவுனுக்குக் கிட்னி. கால்நடை டாக்டர் எழுதிக்கொடுத்த தீனி ஒவ்வொன்றுக்கும் தனி. ஒன்றின் தட்டில் இன்னொன்று வாய் வைத்தால் வம்பு.

அலமாரியில் மூன்று தகர டப்பாக்கள் வரிசையாக இருந்தன. சங்கரி முதல் டப்பாவைத் திறந்தாள். உள்ளே மருந்துக்கடைப் பொட்டலம் போலச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் கிளிப்பச்சைப் பட்டு நூலால் கட்டியிருந்தது. துரைக்கு. அடுத்ததில் அரக்கு நூல், குண்டம்மாவுக்கு. மூன்றாவதில் மாம்பழ மஞ்சள், பவுனுக்கு. எல்லாவற்றின் மேலும் அண்ணனின் சாய்ந்த கையெழுத்து.

மூன்று வாரத்துக்கு முன் போனில் பேசியது அவள் காதில் ஓடியது.

"காசிக்குப் போறேன்மா சங்கரி. நம்ம கோயில் கோஷ்டியோட. பன்னெண்டு நாளு. நீ வந்து வீட்ல இருக்கியா? பூனைங்களுக்கு ஆளுக்கு ஒரு சாப்பாடு. அளந்து போடணும். உனக்கும்தான் சக்கரை இருக்குது, நீயும் குண்டம்மாவும் ஒரே கட்சி."

"பூனைக்காக லீவு போடச் சொல்றியாண்ணா? ஸ்கூல் ஆபீஸ்ல என்னைப் பார்த்து சிரிப்பாங்க."

அவரும் சிரித்தார். "அதுவும் சரிதாம்மா." அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது லீவு போட்டுக்கொண்டுதான் அம்பத்தூரிலிருந்து வந்திருக்கிறாள்.

சங்கரி பச்சை நூல் பொட்டலம் ஒன்றை எடுத்துப் படித்தாள். 'செவ்வாய் காலை.'

இன்று செவ்வாய். காசிக்குப் போகிற வேன் வியாழக்கிழமை சாயங்காலம்தானே?

கதவைத் தள்ளிக்கொண்டு எஸ்தர் டீயோடு வந்தாள். மாடியில் குடியிருப்பவள், ஸ்கேன் சென்டரில் வேலை. காலையில் கதவைத் திறந்து பிணத்தை முதலில் பார்த்தவள் அவள்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"எஸ்தர், நீ காலைல எதுக்கும்மா உள்ளே வந்தே?"

"பூனைங்களுக்குப் போடத்தான்கா. நேத்து சாயங்காலம் அண்ணன் மாடிக்கு வந்து சாவியைக் குடுத்தாரு. நாளைக் காலைலேர்ந்து நீ போடும்மான்னாரு. வியாழக்கிழமைதானேண்ணா வண்டின்னேன். தெரியும்மா, நீ நாளைலேர்ந்தே போடுன்னாரு."

சங்கரி டீயை வாங்கவில்லை.

"வேற இன்னா சொன்னாரு?"

"நாலு பேருக்கும் அளந்து கட்டி வெச்சிருக்கேன், தேதி பார்த்துப் போடுன்னாரு. மூணு பூனைதானே, வாய் தவறி சொல்றாருன்னு நெனச்சேன்."

"வயசாச்சு இல்லே? கொழம்பியிருப்பாரு" என்றாள் சங்கரி. சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அளவு விஷயத்தில் அண்ணன் குழம்பியதே கிடையாது. இத்தனை புடவைக்கு இந்த நிறம் என்று சொன்னால் போதும், கண்ணால் பார்த்தே சாயப்பொடியை அள்ளிப் போடுவார். தொட்டியில் நூல் முழுக்கத் தோய்ந்து எழும்போது தண்ணீர் தெளிந்துபோய் நிற்கும். ஒரு சிட்டிகை மிஞ்சாது, ஒரு சிட்டிகை குறையாது. பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்த சங்கதி அது.

கீழே போட்டு எண்ணினாள். துரைக்கும் குண்டம்மாவுக்கும் காலை, மாலையாகப் பதினாறு நாளைக்கு இருந்தது. செவ்வாயிலிருந்து விரல்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்தோடு முடிந்தது.

மஞ்சள் டப்பாவில் ஐந்தே ஐந்து பொட்டலங்கள். கடைசிப் பொட்டலத்தில் 'வியாழன் காலை' என்று எழுதியிருந்தது.

மூலையில் தீனி மூட்டைகள் இருந்தன. இரண்டு பாதி நிரம்பியிருந்தன. பவுனுடைய மூட்டை காலியாக, இஸ்திரி போட்ட வேட்டி போல மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"தீர்ந்துபோச்சு போலக்கா. புதுசு வாங்க மறந்துட்டாரு" என்றாள் எஸ்தர் மெதுவாக.

சங்கரி பவுனைப் பார்த்தாள். பவுனு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று தட்டு, மூன்று மூலை. ஒன்று தின்னும்போது இன்னொன்று கிட்ட வராமல் எஸ்தர் ஒரு பக்கமும் சங்கரி ஒரு பக்கமும் நின்று காவல் காத்தார்கள். வெளியே பறை சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "நாம ரேஷன் அரிசி தின்னுக்கினு இருக்கோம், இதுங்களுக்கு டாக்டர் சீட்டுல சாப்பாடு. கைலாசம் புண்ணியம்!" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்குப் பிணத்தை எடுத்தார்கள். பின்னறைக்குள் ஒரு பூனையும் கத்தவில்லை.

மறுநாள் பால் தெளித்து, சாம்பலை எடுத்துக்கொண்டு போய்த் திருமுக்கூடலில் கரைத்துவிட்டு வந்தான் குமாரவேல். பெரியப்பா மகன், கொள்ளி வைத்தவனும் அவன்தான். ஈரத் தலையோடு வாசலில் ஏறியவனிடம் சங்கரி காலி மூட்டையை நீட்டினாள்.

"குமாரு, இதே மூட்டை வேணும்பா. இன்னைக்கே."

"யக்கா, மனுஷன் சாம்பலைக் கரைச்சுட்டு வந்து நிக்கறேன். நீ பூனை சோறு கேக்கறியே!"

"வாங்கியாடான்னா வாங்கியா."

குமாரவேல் பைக்கை எடுத்தான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். "கடையில இல்லக்கா. மெட்ராஸ்லேர்ந்து வரணுமாம். நாளைக்கு சாயங்காலம் தர்றேன்றான். ஒரு வேளைக்கு வேற எதுனா போடேன். பால் சோறு போடு."

"போட்டா செத்துடும்."

"போடாட்டியும் சாவும். பாரு, அது எப்படிக் கெடக்குது."

"சாவாது" என்றாள் சங்கரி. "ஒரு வேளை சாப்பாடுதானே நடுவுல? நான் பார்த்துக்கறேன்."

அண்ணன் கேட்டபோது பன்னிரண்டு நாள் தர மனசு வரவில்லை. இப்போது ஒரே ஒரு வேளையைத் தாண்ட வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பவுனு கண் விழித்துவிட்டால் போதும். அப்புறம் அண்ணன் கணக்கு வெறும் குழப்பம்தான் என்று நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.

வியாழன் காலை கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாதியைத் தட்டில் போட்டாள். மீதியை அதே காகிதத்தில் மடித்து, அதே மஞ்சள் நூலால் கட்டி, மேலே 'வியாழன் மாலை' என்று தன் கையால் எழுதினாள். எழுதி முடித்ததும் என்னமோ ஜெயித்துவிட்டது போலிருந்தது.

பவுனு பாதியைத் தின்றது. தட்டை நக்கியது. பிறகு நடந்து வந்து டப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பத்து மணிக்கும் அங்கேயே இருந்தது. பதினோரு மணிக்கும். கத்தவில்லை, காலைச் சுற்றவில்லை. உட்கார்ந்து அவளையே பார்த்தது. அண்ணன் ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும்போது இப்படித்தான் பார்ப்பார்.

"அப்படிப் பாக்காதே" என்றாள் சங்கரி. அது பார்ப்பதை விடவில்லை. மத்தியானம் அவளால் முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து மீதியையும் கொட்டினாள். பவுனு ஒரு துணுக்கு விடாமல் தின்றது. கூடத்துக்குப் போனது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணன் காசிக்காகக் கட்டி வைத்திருந்த நீலப் பையின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

நாலரை மணிக்குத் தெருவில் வேன் வந்து நின்றது. பழக்கதோஷத்தில் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். கோஷ்டித் தலைவர் சீனிவாசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மொதல் ஆளா பேர் குடுத்தவரும்மா. அவரு சீட்டுக்கு வேற ஆள் போடலை. காலியாவே போய்ட்டு வரட்டும்னு விட்டுட்டோம்."

"சரிங்க ஐயா."

போகிற வழியில் அவர் பையைப் பார்த்தார். "பூனை தூங்குது" என்றார்.

சங்கரி வாசல்வரை போய் நின்றாள். வேன் வளைவில் திரும்பி மறைந்தது. ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் குமாரவேல் பைக்கில் வந்தான், முன்னால் புது மூட்டையை வைத்துக்கொண்டு.

"கெடைச்சுடுச்சுக்கா! கடைக்காரன் கையிலேர்ந்து புடுங்கிக்கினு வந்தேன்!"

அவள் திரும்பி உள்ளே ஓடினாள். பைமேல் கை வைத்தாள். பை கதகதப்பாக இருந்தது. பவுனுதான் ஆறிக்கொண்டிருந்தது.

சாயத்தொட்டிக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் குமாரவேல் குழி தோண்டினான். மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஊருக்குப் போகப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் துரைக்கும் குண்டம்மாவுக்கும் தீனி போட்டுவிட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ராத்திரி பூரா ஒண்ணு கொடைஞ்சுக்கினே இருக்குது. நாலு பேருக்கும்னு சொன்னாரு இல்லே?"

சங்கரியின் கை புடவை மடிப்பில் நின்றது.

"மேல் தட்டுல பார்த்தியா?" என்றாள்.

எஸ்தர் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பழைய நூல் கட்டுகளைத் தள்ளினாள். பின்னாலிருந்து இன்னொரு தகர டப்பா வந்தது. மூடியைத் திறந்து பார்த்தவள், ஸ்டூலிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"கேழ்வரகு மாவுக்கா. வறுத்து, கஞ்சிக்குப் பதமா இருக்குது. பொட்டலம் பொட்டலமா கட்டியிருக்காரு." ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "சங்கரின்னு எழுதியிருக்குது. செவ்வாய் காலைன்னு."

பொட்டலத்தைச் சுற்றியிருந்த நூல் மயில்கழுத்து நிறம். சங்கரியின் கல்யாணப் புடவைக்கு அண்ணன் தோய்த்த நிறம். அதற்குப் பிறகு அதே நிறத்தை வேறு யாருக்கும் போட்டுக்கொடுத்ததில்லை.

வர மாட்டேன் என்று சொன்னவளுக்குத்தான் அளந்து கட்டி வைத்திருந்தார்.

எஸ்தர் டப்பாவை நீட்டினாள். சங்கரி வாங்கவில்லை. வாங்கினால் எத்தனை பொட்டலம் என்று கனமே கைக்குச் சொல்லிவிடும்.

"நீயே வெச்சுக்கோ. அடுப்படிக்குக் கொண்டா" என்றாள். பால் கொதித்த பாத்திரத்தை நகர்த்திவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். "இன்னைக்கு வெள்ளி. வெள்ளி காலைன்னு ஒண்ணு இருக்குதா பாரும்மா. இருந்தா எடு. மிச்சத்தைப் பாக்காதே. பாத்தாலும் என்கிட்ட சொல்லாதே."

துரையும் குண்டம்மாவும் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தன.

எஸ்தர் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து மேடைமேல் வைப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. மெத்தென்று ஒரு சத்தம். செவ்வாய் காலை. இன்னொன்று. செவ்வாய் மாலை. புதன் காலை, புதன் மாலை. வியாழன் காலை. வியாழன் மாலை. ஆறு.

வளையல் தகரத்தில் உரசியது.

சங்கரி மூச்சை விடவில்லை.

மெத்தென்று ஏழாவது சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எஸ்தர் அசையவில்லை. பிறகு டப்பாவின் மூடியைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

சங்கரி அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு ஆளுக்கு மட்டும் தண்ணீர் அளந்து ஊற்றினாள்.