ஆணாக இருக்கலாம்

1
சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் டீ குடித்தபோது காதில் விழுந்த கதை இது. சொன்னவர் பாதியில் பஸ் ஏறிவிட்டார். மீதி நான் இட்டுக்கட்டியது; யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

'மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் அவள் கிடந்தாள்.' (அடித்துவிட்டேன். அவளா? அதுதானே கேள்வி.)
'அவன் கிடந்தா...' (இதுவும் போச்சு.)

2
கிணற்றில் இறங்கி எலும்பு பொறுக்கியவர் ஆட்டுக்கார உச்சிமாகாளி. மண்டையோடு, கை, கால் எல்லாம் சாக்குக்குள் போயின. அகலமான ஒன்றை மட்டும் ஓரமாக வீசினார்.

"அது என்னவே?" என்றார் மேலே நின்ற ஏட்டு.

"மாட்டெலும்பு. நான் பாக்காத எலும்பா?"

அது இடுப்பெலும்பு. ஆணா பெண்ணா என்பதை மற்ற எலும்புகளைவிடத் தெளிவாகச் சொல்வது. [விஷயம் தெரிந்தவர் கையில்தான் தப்பு இவ்வளவு நிம்மதியாக நடக்கும்.]

3
எலும்பு ஆய்வாளர் எப்சிபா, மண்டையோட்டை மட்டும் பார்த்து, 'ஆணாக இருக்கலாம்' என்று எழுதினாள். இன்ஸ்பெக்டருக்குக் கடுப்பு. படிவத்தில் 'இருக்கலாம்' என்பதற்குக் கட்டம் இல்லை.

தங்கத்தாய்க்கு அந்த 'இருக்கலாம்'தான் உயிர். அவள் மகள் ராஜகுமாரி காணாமல் போய் ஆறு வருடம். ஓடிப்போனாள் என்றது ஊர். அப்படிச் சொன்னவர்களோடு பேச்சை முறித்திருந்தவள், எலும்பு கிடைத்த அன்று அவர்கள் வீடுகளுக்கே போய் நின்றாள்.

"எம்மவ ஓடித்தான போனா? நீங்கதான சொன்னிய?"

4
இங்கேயே முடித்திருக்கலாம். எலும்பு ஆணுடையது, மகள் திருப்பூரில் இரண்டு பிள்ளைகளோடு... (மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

தங்கத்தாயும் ஒத்துக்கொள்ளவில்லை. உச்சிமாகாளியிடம் விசாரித்து, தானே கிணற்றில் இறங்கி, அவர் வீசிய எலும்பை மஞ்சப்பையில் போட்டு எப்சிபாவிடம் கொண்டுவந்தாள்.

"மாட்டெலும்புன்னு விட்டுட்டான் டாக்டரம்மா. நான் மாடு வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? 'இருக்கலாம்'னு சொன்னியல்லா, அத வச்சுக்கிட்டு ஒறங்க முடியல."

"பாத்துச் சொல்லுதேன், உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை.

"ஆம்பளன்னா மட்டும் சொல்லுங்க."

5
அந்த எலும்பில் ஒரு பள்ளம் உண்டு. அதில் வைக்கும் கட்டைவிரல் இறுக்கமாக நின்றால் பெரும்பாலும் ஆண். அசைய இடமிருந்தால் பெரும்பாலும் பெண். எப்சிபா விரலை வைத்துவிட்டாள். இன்னும் வாய் திறக்கவில்லை.

அசைந்ததா என்று எனக்குத் தெரியும். எழுதப் பயமாக இருக்கிறது. முடிவை நீங்களே சொல்லிவிடுங்கள். தங்கத்தாய் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் எப்சிபாவிடம் கேட்டதுதான் உங்களிடமும்: ஆணென்றால் மட்டும்.