எப்சிபாள் தலைக்கு மேல் நின்ற தண்ணீர்

1957ஆம் ஆண்டு பங்குனியில், எம். புதுப்பட்டி சபையில் சங்கிலிமுத்துவின் கைக்குழந்தை எப்சிபாளுக்குப் பாதிரி ஐயர் ஊற்றிய ஞானஸ்நானத் தண்ணீர், அவள் நெற்றிக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. ஐயர் மறுபடியும் அள்ளி ஊற்றினார். அதுவும் முன்னதோடு போய்ச் சேர்ந்து பளபளத்தது. குழந்தை கொட்டாவி விட்டது. தாய் வள்ளித்தாய் எழுந்து கைதட்டியேவிட்டாள். குமரியாயிருந்த காலத்தில், வீட்டார் அடித்தும் கேளாமல், தானே கேட்டு, தானே கண்மாயில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் வாங்கியவள் அவள். அறியாப் பிள்ளைக்கு எதற்கு ஞானஸ்நானம் என்று பிரசவித்த நாள் முதல் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தீகளா ஐயா? பிள்ளை இன்னும் சரின்னு சொல்லல. அதான் தண்ணி காத்துக் கெடக்கு."

சங்கிலிமுத்து பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டான். தலைப்பிள்ளை ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைக்கும் முன்பே செத்துப்போக, தன் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தவன் அவன். "அதை ஆண்டவரு என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாரு?" என்பான் அடிக்கடி. 

பொழுது சாய்வதற்குள் தாயில்பட்டி பட்டாசு கம்பெனிகளிலிருந்து கையில் ஒட்டிய வெடிமருந்தைக்கூடக் கழுவாமல் ஆட்கள் ஓடிவந்தார்கள். விருதுநகருக்கு மிளகாய் வத்தல் ஏற்றிப்போன லாரிகள் நின்றன. சர்பத்காரர் சபை வாசலிலேயே கடை போட்டுவிட்டார். ஊற்றியாயிற்று, ஆகவே ஞானஸ்நானம் முடிந்தது என்று ஒரு கட்சி. படவில்லை, ஆகவே ஆகவில்லை என்று ஒரு கட்சி. டீக்கடைகளில் சட்டை கிழிந்தது. அந்த வாரம் ஒரு கம்பெனியிலும் ஆர்டர் நேரத்துக்குப் போகவில்லை. குருவிகள் வந்து தொட்டிலுக்கு மேல் தண்ணீர் குடித்தன.

எப்சிபாள் தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். தண்ணீரும் கூடவே போனது. கயிறு தாண்டினாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. வெடிமருந்து நமத்துப்போகும் என்று அவளைக் கம்பெனி கேட்டுக்குள் மட்டும் விடமாட்டார்கள். ஏழு வயதில் அவளுக்கு டைபாய்டு கண்டது. அன்று வள்ளித்தாய் கஞ்சியோடு உள்ளே வந்தபோது, சங்கிலிமுத்து முக்காலியில் ஏறி நின்று, இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. கையும் நனையவில்லை. இவளைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதான். ஊரெல்லாம் வாதாடி ஜெயித்த வள்ளித்தாய் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பாயோரம் மண்டியிட்டாள்.

"தாயி, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி. உங்கய்யா தாங்க மாட்டாரு."

எப்சிபாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "நீ சொல்லி நான் சொன்னா, அது நான் சொன்னதாம்மா?"

 வள்ளித்தாயின் வாதத்தை அவளிடமே யாரும் அதுவரை சொன்னதில்லை. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காய்ச்சல் தன் பாட்டுக்கு இருந்து, தன் பாட்டுக்கு இறங்கியது.

மறுவருஷம் தீபாவளி சீசனில், பட்டப்பகலில், தெருவில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தவள் ஒற்றைக் காலில் நின்றபடி மேலே பார்த்து, "சரி, வா" என்றாள். தண்ணீர் விழுந்தது. ஐயர் ஊற்றியது இரண்டு கை. விழுந்ததோ தெருவையே முழங்காலளவு நிறைத்தது. கோழிகள் கூரையேறின. தார்ப்பாய் கட்டியிருந்ததால் தெருவில் நின்ற லாரியின் பட்டாசு லோடு தப்பியது. சனம் கூச்சலிட்டுக்கொண்டு வந்து குதித்தது. சங்கிலிமுத்து மகளைத் தூக்கிச் சுற்றினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. வள்ளித்தாய் பாவாடையைப் பிழிந்துவிட்டபடி, "கண்மாயில முங்க வேண்டாமாத்தா?" என்று ஆசையோடு கேட்டாள்.

"போதும்மா. நல்லா நனைஞ்சிட்டேன்."

அடுத்த பங்குனியில் மகன் பிறந்தான். வள்ளித்தாயே அவனைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனாள். ஐயர் ஊற்றிய தண்ணீர் நேரே தலையில் விழுந்து காதுக்குள் ஓட, அவன் வீரிட்டு அழுதான். இவனுக்கு இப்போதே சம்மதம்போல என்று சொல்லிவிட்டு எல்லாரும் காப்பி குடிக்கப் போனார்கள்.