ஒரு கிலோமீட்டர் வசவு

கத்தரிக்கோலைத் தேடி வீடே தலைகீழாகிக்கொண்டிருந்தபோது, அது மகளின் கைப்பைக்குள் சீப்புக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

“காலையில ஃபிரிட்ஜ் மேல பாத்தேனே,” என்றார் மாமா. அம்மாவின் தம்பி, பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவருடைய கைக்கடிகாரத்துக்கு இல்லை. “வண்டி வாசல்ல நிக்குது. ஒரு கம்பியை அறுக்க இத்தனை யோசனையா?”

“தேடுங்க மாமா, கிடைக்கும்,” என்றாள் மகள். அவள் பல் டாக்டர். பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களிடம் பேசியே பழகியவள், மாமா எம்மாத்திரம்.

அப்பா வேலை அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் போய்விட்டது, இதயம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபி கொண்டுபோன அம்மா நிலைமையைப் பார்த்ததும் முதலில் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாளாம். பிறகுதான் டம்ளரைக் கீழே போட்டாளாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் வரிசை.

வழக்கொழிந்த ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறியாளர் அவர். தட்டு, நாடா என்று எது வந்தாலும் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்குவார். மகளின் கல்யாணப் படங்களில் எல்லாம் கழுத்தில் ஹெட்ஃபோனோடுதான் நிற்பார். மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ வைத்தியம் என்று நினைத்து வெகுநாள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை வந்தது கம்பி. நாடாவெல்லாம் வருவதற்கு முன் தலைமுடிபோல் மெல்லிய எஃகுக் கம்பியில் குரலைப் பிடித்துவைத்தார்கள். அரை மணிப் பேச்சுக்கு ஒரு கிலோமீட்டர் கம்பி. வீட்டில் பேச ஆரம்பித்தவர் முடிப்பதற்குள் பேச்சு பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய்விடும்.

இந்தக் கம்பியின் சொந்தக்காரர் ஒரு வயதான தையல்காரர். அவருடைய தகப்பனார் ஏலத்தில் ஒரு கம்பி இயந்திரம் வாங்கிவந்து, வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, தன்னுடைய புதுக் கோட்டின் கையைச் சின்னப் பையனான இவர் வெட்டிவைத்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. சுவிட்சை மறந்துவிட்டார். அரை மணி நேரம் விடாமல் வசவு. தகப்பனார் குரலாக உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

“திட்டுதான் சார். ஆனா எங்கப்பா திட்டு,” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இயந்திரத்தில் பிரேக் தேய்ந்துவிட்டதால் கம்பி தளராமலிருக்க அப்பா அதை விரல்களுக்கிடையே விட்டுப் பிடித்து ஓடவைத்துக்கொண்டிருந்தார். கை சரிந்தபோது கம்பியும் வழி தவறியது. நான்கைந்து சுற்று அவர் விரல்களில். மிச்சம் அவர் காலடியைச் சுற்றிக் குவியலாக. இன்னும் ஒரு வார்த்தைகூடக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கவில்லை.

விழுந்த கம்பி விழுந்தபடி கிடந்தால் வந்த வழியே திரும்பி வரும். ஒருவர் கால் பட்டால் ஜென்மத்துக்கும் வராது. இது சிறு வயதிலேயே மகளுக்குத் தெரியும். அதனால்தான் அமரர் ஊர்தியோடு வந்த வண்டிக்காரர்கள் இருவரும் அறை வாசற்படியிலேயே நின்றார்கள், அதில் இளையவர் ஒரு காலைத் தூக்கியபடி.

“அறுத்து, பெருக்கி, ஒரு பையில போட்டு அந்த மனுஷன்கிட்ட குடுத்துடலாம்,” என்றார் மாமா.

“அப்பா இத்தனை வருஷத்துல யாரோட பேச்சையும் தொலைச்சதில்ல மாமா. கடைசி வேலையில தொலைச்சாருன்னு இருக்கக் கூடாது.”

“அவருக்கு இனிமே என்ன தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

மகள் தன் கிளினிக் இடுக்கியையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக ஒட்டி ஒட்டிப் போய் அப்பாவின் அருகில் மண்டியிட்டாள். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டாள். ஆள்காட்டி விரல் சுற்று சுலபமாகக் கழன்றது. நடுவிரலில் இரண்டு, ஒன்றை எடுக்க, மற்றது தானாக வந்தது. மோதிர விரலில்தான் சிக்கல். விரல் மடங்கியிருந்தது, கம்பி மடிப்புக்குள் போய்விட்டது.

“நேரமாக ஆக கை இறுகிடும்மா,” என்றார் வண்டிக்காரர்களில் மூத்தவர். “இப்பவே விரலைக் கொஞ்சம் பலமா நிமித்தினா வந்துடும். சத்தம் கேக்கும், பயப்படாதீங்க.”

மகள் விரலைத் தொட்டாள். எத்தனையோ பேர் தாடையைப் பலமாகத் திறந்தவள்தான். தொட்ட கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தையல்காரர் வந்தார். அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். வாசலில் வண்டியையும் செருப்புகளையும் பார்த்ததும் விஷயம் புரிந்து, ஓசையில்லாமல் வந்து வண்டிக்காரர்களுக்குப் பின்னால் நின்றார். அவரை யாரென்று அம்மாதான் அடையாளம் சொன்னாள்.

“விரலை நிமித்தாதடி,” என்றாள் அம்மா.

“அப்போ அறுக்கணும்மா.”

மாமாகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“அறுத்தா எவ்வளவு போகும்மா?” என்று கேட்டார் தையல்காரர்.

“ஒரு செகண்டு. அதுக்கு மேல இல்ல.”

“ஒரு செகண்டுல எங்கப்பா ‘கழுதை’ன்னுகூட முழுசாச் சொல்ல மாட்டார். அறுங்க.”

“அப்பா அறுத்திருக்க மாட்டார்.”

“அவர் விரலா இருந்தா அறுத்திருக்க மாட்டார்தான்,” என்றாள் அம்மா. “உன் விரலா இருந்தா?”

மகள் கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். மாமா அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தையல்காரர் சுவரோரமாக வந்து கம்பியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். மகள் இரண்டு இடத்தில் அறுத்தாள். நுனி இரண்டையும் மேசை விளிம்பில் டேப் போட்டு ஒட்டினாள்.

விரலில் இருந்தது விரலிலேயே இருந்தது.

வண்டிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அப்பாவை நாற்காலியோடு நெஞ்சளவுக்குத் தூக்கினார்கள். குவியலுக்கு மேலாக, ஒன்றிலும் படாமல், அப்பா வாசலைப் பார்த்தபடி வெளியேறினார். அந்த அறையிலிருந்து அவ்வளவு கம்பீரமாக அவர் எழுந்து போனதே கிடையாது. மாமா கதவைச் சாத்தி, அதன் குறுக்கே நாற்காலி போட்டு, அதில் ஒரு சொந்தக்காரரை உட்கார வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை முழுவதும் மகள் தரையில் கிடந்ததைச் சுற்றியெடுத்தாள். இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு, மீறி நின்றதை நறுக்கினாள். மதியம் தையல்காரர் வந்தார்.

கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. மகள் துணித்துண்டை விரலில் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். அம்மா சுவிட்சைப் போட்டாள்.

கொஞ்சம் இரைச்சல். பிறகு ஓர் ஆள் அறைக்குள் வந்துவிட்டதுபோல் குரல்: “யாருடா இந்தக் கோட்டைத் தொட்டது?”

தையல்காரர் எழுந்து நின்றார். அம்மா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, அந்தக் கையையும் கட்டிக்கொண்டார்.

வசவு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கழுதை வந்தது, குரங்கு வந்தது, பக்கத்து வீட்டு உத்தமப் பையன் உதாரணமாக வந்தான். ஓரிடத்தில் சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்டது.

“இதுதானா?” என்றார் தையல்காரர், தலையை நிமிர்த்தாமல்.

“ம்.”

“அந்த இடத்துல அவர் மூச்சு வாங்குவார். ஒண்ணும் போகல.”

மகள் தலையசைத்தாள். கம்பி துணி வழியாக இளஞ்சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல்களை இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை.