பதினான்காம் எண் வீட்டின் கடல்

2016 ஜூன் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சால்டர்ஸ்பி என்ற துறைமுக ஊரில் ரோப்வாக் தெரு பதினான்காம் எண் வீட்டுக் கூடத்தின் நடுவில் கடல் வந்தது. அகலம் நான்கு அங்குலம். முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையில் ஒரு காலத்தில் சுவர் இருந்த இடத்தில் சரியாக அது ஓடியது. அந்தச் சுவரை 1983இல் கீத் மால்ட்பி தன் கையாலேயே இடித்து இரண்டு அறைகளையும் ஒன்றாக்கியிருந்தார். காப்பீட்டுக்காரர் வந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. கம்பளம் துளியும் நனையவில்லை. வெள்ளம் என்றால் வடிய வேண்டும், இது துறைமுகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, ஆகவே இது வெள்ளம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். கொடுக்கவும் வழியில்லை. கெட்டில் கீத்தின் மனைவி பாலினுடைய பக்கம் போய்விட்டது, தேயிலை டப்பா கீத் பக்கம் நின்றுவிட்டது.

கீத்தும் பாலினும் 1973 ஜனவரியில், நாடு ஐரோப்பியப் பொதுச்சந்தைக்குள் நுழைந்த அதே மாதத்தில், கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் இழுவலைப் படகில் போனவர், படகுகள் நின்றபின் மீன் ஆலையில் பாரவண்டி ஓட்டியவர். அவள் அதே ஆலையில் மீன் துண்டு போட்டவள். கட்சி விஷயத்தில் இருவரும் எதிரும் புதிரும். முதல் தேர்தலிலேயே பாலின் ஒரு யோசனை சொன்னாள்: நீ போடுவதை நான் அழிக்கப் போகிறேன், நான் போடுவதை நீ அழிக்கப் போகிறாய், இதற்கு எதற்கு இரண்டு பேர் நனைந்துகொண்டு வரிசையில் நிற்க வேண்டும்? அன்றிலிருந்து ஓட்டு நாள் என்றால் அவர்கள் ஓட்டுப் போடுவதில்லை. மாலை நான்கு மணிக்கு நாயைப் பிடித்துக்கொண்டு அலைதடுப்புச் சுவர் முனைவரை நடந்து, அங்கே உட்கார்ந்து பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் ஊரில் பல தம்பதிகள் இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டாம் தேர்தலில் உடைத்துவிடுவார்கள். இவர்கள் நாற்பத்திரண்டு வருஷம் காப்பாற்றினார்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, நிறையக் கிண்டலும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று நாடே கேட்கப்பட்ட அந்த ஜூன் இருபத்து மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு, ஒரு கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி கீத் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நாயின் பெயர் பிக்கிள். கழுத்துவார்ப் பட்டையைத் தேடிக் கிடைக்காததால், கொக்கியில் தொங்கிய பாலினுடைய வீட்டங்கியின் ஊதா நிற இடுப்புக்கயிற்றால் அதைக் கட்டினார். சட்டைப் பையில் சொந்தப் பேனா இருந்தது. வாக்குச்சாவடியில் கொடுக்கும் பென்சிலால் போட்ட குறியை யாரோ அழித்துவிடுவார்கள் என்று அந்த வாரம் ஊரெல்லாம் பேச்சு. அரை மணி நேரத்தில் திரும்பினார். நான்கு மணிக்கு இருவரும் எப்போதும்போல அலைதடுப்புச் சுவருக்கு நடந்தார்கள். பாலின் சாண்ட்விச்சைப் பாதியாக்கி, பெரிய பாதியை அவருக்குக் கொடுத்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். பின்னால் அவள் மறக்க முடியாமல் போனது அந்தப் பெரிய பாதியைத்தான்.

எங்கள் வாரப் பத்திரிகைக்கு, சாவடி வாசலில் எஜமானருக்காகக் காத்திருக்கும் நாய்களைப் படம் பிடித்துப் போடாவிட்டால் தேர்தல் நடந்ததாகவே தோன்றாது. அடுத்த வியாழக்கிழமை ஏழாம் பக்கத்தில் பதினொரு நாய்கள் வந்திருந்தன. மூன்றாவது வரிசையில், தேவாலய மண்டபத்தின் கம்பியில் ஊதாக் கயிற்றால் கட்டப்பட்டு, பிக்கிள் நேராகப் படப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாலின் பத்திரிகையோடு பின்னறையில் நின்றாள். கீத் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனியா?"

"ம், போனேன்."

"என்கிட்ட சொல்லாம ஏன் போன?"

இங்கேதான் கீத் தப்புச் செய்தார். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்பார்கள், விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டால் கம்பத்திடம் கேட்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாயில் வருகிற அந்த வார்த்தை அன்றைக்கு வரவில்லை. அவர் மீன் அளவுக் கட்டுப்பாட்டில் தொடங்கினார். படகுகளை உடைத்துப் போட்ட கதை, யாரோ எங்கிருந்தோ போடுகிற சட்டம் என்று வரிசையாகப் போனார். அவள் கேட்டது அது இல்லை. அவர் வலைக்கண்ணின் அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வீடு அதே பதினான்கு அடி அகல வீடுதான், இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். உள்ளேதான் வளர்ந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் தாண்ட முடியாத வாய்க்கால் ஆனது, மறு வசந்தத்தில் இரண்டு படகு அகலம் ஆனது. கீத் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலைத் திறந்தால் தன் முன்னறைக்குள்ளேயே நுழைந்தார். கடைத்தெருவில் அவர் ஒரு மூலையில் திரும்பும்போது அவள் மறு மூலையில் திரும்பிப் போயிருந்தாள். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட எங்களில் சிலர் முயன்று பார்த்துக் களைத்துவிட்டோம். பன்னிரண்டாம் எண் வீட்டு பெரில் சட்டன் மட்டும் இரண்டு வாசலிலும் தடையில்லாமல் போய்வந்தாள். பள்ளிச் சமையலறையில் முப்பது வருஷம் பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்தவள். ஆகவே கடிதம் கொண்டுபோகும் வேலை அவளுக்கு வந்தது. பின்சந்து வழியாக இரண்டு நிமிஷ நடை.

கீத் இரண்டு பக்கம் எழுதுவார், ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு. கெட்டில் யாருக்கு, தேயிலை யாருக்கு, மாடிப்படியில் யாருக்கு என்ன உரிமை. பாலினின் பதிலில் எப்போதும் ஒரே வரி: ஏன் நான் இல்லாமல் போனாய்? அதற்கு அவர் மறுபடி இரண்டு பக்கம் எழுதுவார். ஒன்றரை வருஷப் பேச்சுவார்த்தையில் கெட்டிலுக்கும் தேயிலைக்கும் ஒரு முடிவு கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் கெட்டில் இந்தப் பக்கம் வரும், பதிலுக்குத் தேயிலையில் பாதி அந்தப் பக்கம் போகும். புதுக் கெட்டில் ஒன்று வாங்க இருவருக்கும் மனம் வரவில்லை. வாங்கினால் பிரிந்தது உண்மையாகிவிடும் என்று நினைத்தார்கள்.

முதலில் கீத்துக்கு ஆள் துணை இருந்தது. வெளியேறுவோம் என்று ஜெயித்த பக்கத்துக்காரர் என்று மதுக்கடையில் முதுகில் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து கரையில் உட்கார்ந்து, எதிர்க்கரையைப் பார்த்துக் கை ஓங்கிப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு எப்படி வெளியேறுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, மதுக்கடையில் மூன்று மேசைகள் ஒன்றோடொன்று பேசாமல் ஆயின. இருந்துவிடலாம் என்று சொன்னவர்களும் இரண்டாகப் பிளவுபட்டார்கள். 2018 இலையுதிர்காலத்தில் கீத்தின் வீட்டுக்கு வருவதற்கு பெரிலும் தபால்காரரும்தான் மிச்சம். அவர் மாலையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து, எதிர்க்கரையில் பாலின் சமையலறை விளக்கைப் போடுவதைப் பார்ப்பார். பனிமூட்டம் இறங்கிய நாட்களில் அதுவும் தெரியாது. அவருக்குத் தனிமை தாங்கவில்லை. அதையும் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதற்கு எந்தப் பத்தி எண் போடுவது?

எல்லாம் முடிந்தபின்னும் நாய் பாக்கி இருந்தது. பிக்கிளுக்கு எல்லை கிடையாது. காலையில் இந்தக் கரையில் பன்றி இறைச்சித் துண்டு, மாலையில் நீந்திப் போய் அந்தக் கரையில் ரொட்டி ஓரம். நாய் இஷ்டம்போல் போய்வரட்டும், யாரும் தடுக்கக் கூடாது, சோதிக்கவும் கூடாது என்று பாலின் முதல்முறையாக இரண்டாவது ஒரு வரி எழுதினாள். கீத் சரி என்றிருப்பார். மதுக்கடையில்தான் கெடுத்தார்கள். "நாயை விட்டீனா மொத்தத்தையும் விட்ட மாதிரி கீத்து, அப்புறம் நீ பிரிஞ்சதுக்கு என்னய்யா அர்த்தம்?" என்றார்கள். அவர் நாய்க்கு நேரக் கட்டுப்பாடு கேட்டு ஆறு பத்தி எழுதினார். பெரில் அதைப் படித்துவிட்டு, கொண்டுபோக மாட்டேன் என்று மேசையில் போட்டாள்.

"அவ கேக்குறது ஒரே கேள்வி. பதிலச் சொல்லித் தொலையேன்."

"பதில்தான் எழுதியிருக்கேனே, நாலாவது பத்தியில."

"நாலாவது பத்தியில நெத்திலி மீனு இருக்கு, கீத்."

2019 மார்ச் இருபத்தொன்பதுக்குள் பதில் வரவேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத்தைத் தனி வீடாக நகரசபையில் பதிந்துகொள்வேன் என்று பாலின் எழுதினாள். நாடு வெளியேறக் குறித்த தேதியும் அதுதான். தேதி நெருங்கியதும் நாடு அவகாசம் கேட்டது, கீத்தும் கேட்டார். அவள் ஏப்ரல் வரை கொடுத்தாள், பிறகு அக்டோபர், பிறகு ஜனவரி முப்பத்தொன்று. அவகாசம் ஒவ்வொன்றுக்கும் கடல் இன்னும் அகன்றது. ஏப்ரலில் அதில் ஒரு இறால் படகு போனதை பெரில் பார்த்தாள். அக்டோபரில் எதிர்க்கரை தொலைநோக்கியில்தான் தெரிந்தது. பிக்கிளுக்கு வயது பதின்மூன்று, கரையேறினால் ஒரு மணி நேரம் மூச்சிரைத்தது.

2020 ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி, நாடு கடைசியில் வெளியேறும் நாள் என்று, மதுக்கடையில் காலையிலேயே கொடி கட்டினார்கள். கீத் போகவில்லை. நான்கு மணிக்கு பிக்கிள் எழுந்து, கழுத்தில் அந்த ஊதாக் கயிற்றோடு, தண்ணீரில் இறங்கியது. அவர் கூப்பிட்டார், அது திரும்பவில்லை. கொஞ்ச தூரம் தலை தெரிந்தது, பிறகு தலையா அலையா என்று தெரியவில்லை, பிறகு எதுவும் தெரியவில்லை. நாய் செத்துவிடும் என்று கீத்துக்குத் தோன்றியது. முழங்கால் ஆழம்வரை இறங்கி நின்று, கையில் ஒரு தாளும் இல்லாமல், கத்தினார்.

"பாலின், நாய் வருது, பாத்துக்கோ. பாலின், மன்னிச்சிரு. நாப்பத்திரண்டு வருஷம், நான்னு ஒருத்தன் இருந்ததுக்கு எங்கயும் ஒரு கோடு இல்ல. ஒரு தடவையாவது என்னையும் எண்ணிக்கணும்னு இருந்துச்சு. உன்னால அழிஞ்சு போகாம ஒரே ஒரு தடவ. சொன்னா நீ சிரிப்பேன்னு நெனச்சேன், கண்ணு. அதான் சொல்லாம போனேன்."

அவ்வளவு தூரத்துக்குக் குரல் எட்டாது என்பது துறைமுகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஈரக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, முதல்முறையாகக் கடிதம் எதுவும் எழுதாமல் இருந்தார். மறுநாள் காலை பெரில் பின்சந்து வழியாக வந்து ஒரு தாளை அவர் மடியில் வைத்தாள். நாய் வந்து சேர்ந்தது, அடுப்புப் பக்கத்தில் தூங்குகிறது என்று முதல் வரி. கேட்டது என்று இரண்டாவது வரி. மூன்றாவது வரியை அவர் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்: அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டேன், நானும் கூட வந்து நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன்.

தண்ணீர் வடியவில்லை. வடியும் என்று எங்களில் பலர் எதிர்பார்த்தோம், பெரில் தரை துடைக்கிற துணிகூட எடுத்து வைத்தாள். பதினான்கு என்றும் பதினான்கு ஏ என்றும் நகரசபை இரண்டு தகடுகள் கொடுத்தது. மார்ச்சில் எல்லோரும் ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது ஊரில் திணறாதவர்கள் அவர்கள் இருவர்தான். பிக்கிள் அதன்பிறகு நீந்தவில்லை. காற்று நல்ல பக்கத்திலிருந்து வீசினால் அது குரைப்பது முன்னறையில் கேட்கும்.

இப்போது ஓட்டு நாளில் இருவரும் தனித்தனியாகப் போய் ஓட்டுப் போடுகிறார்கள், பாலின் காலையில், கீத் மதியத்தில். ஒருவர் மற்றவரை அழித்தாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான்கு மணிக்கு கீத் தன் கரையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். கடல் ஏறும்போது ஒரு தகர டப்பா மிதந்து வரும். உள்ளே பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த சாண்ட்விச்சில் பாதி, பெரிய பாதி. அவர் சாப்பிட்டுவிட்டு, டப்பாவில் தேயிலையைப் போட்டு மூடி, கடல் இறங்கும்போது திருப்பி விடுவார். கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் துறைமுக அலுவலகம் வருஷா வருஷம் அச்சடிக்கும் அட்டவணையில், துறைமுகத்துக்கு அடுத்த வரியில், ரோப்வாக் தெரு பதினான்காம் எண் இருக்கிறது. துறைமுகத்தைவிட இருபது நிமிஷம் தாமதம்.