காலண்டர் தாளின் பின்பக்கம்

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பி, நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அமலராணி. மொத்தம் நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் கணவன் மரியசெல்வம் அன்றைக்கு என்ன சாப்பிட்டான், எத்தனை தடவை வெளிக்குப் போனான், முகம் சிவந்து உடம்பு அரித்ததா என்று பென்சிலால் எழுதியிருந்தாள். கெட்ட நாள்கள் இடப்பக்கம், நல்ல நாள்கள் வலப்பக்கம். ஒரு மனுஷன் வயிற்றுக்குள் நடப்பதை இப்படி விரித்துவைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய ஆவலாகவும் இருந்தது.

மரியசெல்வம் திண்டுக்கல்–வத்தலக்குண்டு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டாயிரத்திலிருந்து மூன்று வருஷமாகக் குடலில் புண். மதுரை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் அழற்சி, அடக்கி வைக்கலாம், ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாத்திரையால் ரத்தம் போவது குறைந்தது. வயிற்றோட்டம் மட்டும் நிற்கவில்லை. கிளம்ப இரட்டை விசில், நிறுத்த ஒற்றை விசில் என்பது பஸ்ஸில் ஏறுகிற குழந்தைக்கும் தெரியும். செம்பட்டிக்கு முன்னால் ஒரு சின்னப் பாலத்துக்கிட்டே ஆள் இறங்காமலே ஒற்றை விசில் கேட்கும். டிரைவர் மூக்கையா ஓரங்கட்டுவார். மரியசெல்வம் தண்ணீர் பாட்டிலோடு கருவேல மரங்களுக்குள் ஓடுவான். ஐம்பது பேர் பார்க்காதது மாதிரி பார்ப்பார்கள். முதலாளி நல்லவர்தான், பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் வேறு ஆளைத்தான் போடணும் என்று தன்மையாகச் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது.

காரம், பால், கத்திரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தியாகிவிட்டது. போன தடவை டாக்டர் சத்துக்கு ஃபோலிக் ஆசிட்டும் அரிப்புக்கு ஒரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். சில பேருக்குச் சாப்பாட்டில் இருக்கிற ஹிஸ்டமின் என்பது ஒத்துக்கொள்ளாது, என்ன சேருகிறது, சேரவில்லை என்று குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தத் தாள்கள்.

அவளைக் குழப்பியது வலப்பக்கத்து மூன்று தாள்கள். சின்னாளப்பட்டியில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள்கள். ஆட்டுக்கறி, நெய்ச்சோறு, பாயசம் என்று ஒன்றையும் விடாமல் சாப்பிட்டிருந்தான். அன்றைக்கு அடுப்பிலிருந்து இறங்கியதை அன்றைக்கே சாப்பிட்டான். வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. இடப்பக்கத்துத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். காலை, பழையது, புளித்த மோர். காலை, பழையது, புளித்த மோர். வயிற்றுக்குக் குளுமை என்று, அவன் துவண்டு வந்த நாளெல்லாம் ஒரு செம்பு கூடவே ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

சாயங்காலம் அவன் வந்ததும், நாளையிலிருந்து காலையில் சுடுசோறுதான் என்றாள்.

"அது ஒண்ணுதான் எனக்கு எறங்குது. அதையும் நிறுத்தப் போறியா?"

"அதுதாங்க உங்களப் படுத்துதோன்னு தோணுது. நாந்தான அம்புட்டையும் ஊத்தி ஊத்திக் குடுத்தேன்."

மரியசெல்வம் குனிந்து ஒரு தாளை எடுத்து, பின்பக்கம் படித்து, திருப்பித் தேதியைப் பார்த்தான். அப்புறம் இன்னொன்று. வெகுநேரம் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நாளு பாப்போம். மாத்திரைய விட மாட்டேன்" என்றான்.

"அத யாரு விடச் சொன்னா?"

மறுநாள் அவன் முதல் நடைக்குக் கிளம்புமுன் உலை வைத்தாள். மிஞ்சிய சோற்றில் பழக்கதோஷத்தில் தண்ணீர் ஊற்றப்போய் இரண்டு தடவை கையை இழுத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் எப்போதும்போல, பரவாயில்லை என்பான் அவன். அந்த ஒரு வார்த்தையைத் தாளில் எழுத அவளுக்கு மனசு வரவில்லை. பதினைந்தாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவன் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள். அவன் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

பாலம் வந்தது. விசில் வராமலே மூக்கையா பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். பக்கத்து சீட்டுப் பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அமலராணி திரும்பிப் பார்த்தாள். மரியசெல்வம் பின்படியில் நின்று கருவேல மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. விசிலை வாயில் வைத்தான்.

ஒரு விசில் கேட்டது. அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவதும் கேட்டது.