அரங்கசாமி தோட்டத்துக் கிணற்று இறால்கள்

தாராபுரத்திலிருந்து பத்மாவதியின் போன் வந்தபோது பிரீத்திகா கோயம்புத்தூரில், ஆய்வகத்தில் இருந்தாள்.

"கண்ணு, நம்ம தோட்டத்துக்கு போர்வெல் போடற வண்டி வந்துபோட்டுது. உடனே வந்தீன்னா தேவலை."

தாராபுரத்துக்குப் பஸ் ஏறினாள். அவள் ஆராய்ந்துவந்த இறால்கள் இதுவரை பத்மாவதியின் தோட்டத்துக் கிணற்றில் மட்டும்தான் கிடைத்திருந்தன. அரிசி நீளம், வெள்ளை, கண்ணே கிடையாது. ஈக்கும் நண்டுக்கும் கண்ணை உண்டாக்கும் அதே மரபணு இவற்றிலும் பழுதில்லாமல் இருந்தது. பிறகு ஏன் கண் வரவில்லை? கரு வளரும்போது அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு வருஷமாகியும் முட்டை சுமக்கும் இறால் ஒன்றுகூட அகப்படவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கிணற்றுக்குப் பக்கத்திலேயே துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் இருந்த முழங்கால் தண்ணீரும் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நாள் மட்டும் நிறுத்தச் சொல்லுங்க ஐயா."

பத்மாவதியின் கணவர் அரங்கசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நூத்தம்பது தென்னையும் குருத்து காயுதுங்க அம்மணி. இந்த வண்டிக்கு ரெண்டு மாசம் காத்திருந்தேனுங்க."

அவள் வலையோடு படியிறங்கினாள். சேற்றைக் கையால் அள்ளி அள்ளி அலசினாள். எல்லாம் செத்த இறால்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒன்று துடித்தது. அதன் வயிற்றடியில் ஏழு முட்டைகள்.

மேலே வந்தபோது வண்டி நின்றிருந்தது. ஆயிரத்து நூறு அடியிலும் வெறும் புழுதி. அரங்கசாமி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கெடைச்சுதுங்களா?"

"ஒண்ணுங்க."

"கெணத்துல திரும்ப உட்டா பொழைக்காதுங்களா?"

"தண்ணியே இல்லைங்களே ஐயா."

கருவைப் பார்க்க வேண்டுமானால் முட்டைகளை அந்த நிலையிலேயே, உயிர் போனாலும், பதப்படுத்தும் மருந்தில் போட்டாக வேண்டும். மருந்துக் குப்பியின் மூடியைத் திறந்தாள். போட்டாள்.

மரபணு வேலை செய்யும் இடத்தை நீலமாகக் காட்டும் சாயத்தை, ஆய்வகத்துக்குத் திரும்பி, வாரக் கடைசியில் ஏற்றினாள். ஆறு கருக்களில் ஒன்றுமில்லை. ஏழாவதன் தலையில், கண் வர வேண்டிய இடத்தில், மங்கலாக இரண்டு புள்ளிகள்.

வழிகாட்டிப் பேராசிரியர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "ஒரு கருவை வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. இன்னும் வேணும்."

பத்மாவதிக்குப் போன் போட்டாள். சேறும் வெடித்துப்போய்விட்டதாம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மறுபடியும் தாராபுரம் போனாள். அமராவதி ஆற்றங்கரையோரம் தோட்டம் தோட்டமாக நடந்தாள். பத்துக் கிணறுகளில் எட்டு வறண்டு கிடந்தன. மற்ற இரண்டிலும் வலையில் எதுவும் வரவில்லை. பதினோராவது தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்க கெணத்துல தண்ணி இருக்குதுங்களா?"