ஐஸ்பெட்டி விழா

கருக்களாச்சேரி சமுதாயக் கூடத்து வாசலில் லோகாம்பாள் மீன்கூடையை நிழலுக்கு நிழல் நகர்த்திக்கொண்டிருந்தாள். கூடையில் சங்கரா. தலத்தெரு ராஜம் வீட்டுக்கு மருமகன் வந்திருக்கிறார். உலை வைப்பதற்குள் மீன் அங்கே போயாக வேண்டும். வாடிக்கை வீடுகளில் பேரம் பேசாத வீடு அது ஒன்றுதான்.

"ஐஸ் போடலையாக்கா?" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி வினோதா.

"பேங்குல ஐஸ்பெட்டி குடுக்குறாங்க. பெட்டி குடுக்குறவன் ஐஸ் போடாமயா குடுப்பான்னு துறைமுகத்துல வாங்காம வந்துட்டேன்டி."

"நானுந்தான்" என்று வினோதா சிரித்தாள். வேறு என்ன செய்வது.

வங்கியின் சமூகப் பொறுப்புத் திட்டமாம். மண்டல அதிகாரி வந்துகொண்டிருந்தார், விடிந்ததிலிருந்தே வந்துகொண்டிருந்தார். மேடைப் பதாகையில் ஒரு மீன்காரி சிரித்தாள். அவள் நகத்தைப் பார்த்தால் மீன் தின்பவளாகக்கூடத் தெரியவில்லை. படத்தில் மீன் தெரிய வேண்டும், எல்லாரும் கூடையோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தவர் கிளை அதிகாரி ரஞ்சித்குமார். லோகாம்பாள் அவரிடம் போனாள்.

"சார், ஓடிப்போயி மீனக் குடுத்துட்டு வந்துடுறேனே?"

"நீங்கதாம்மா மொதப் பயனாளி. நீங்க போயிட்டா உங்க குழுக் கடனுக்கு நான் மேல என்னான்னு பேசுறது?" அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். மிரட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

"அப்ப ரெண்டு கை ஐஸாவது குடுங்க."

ஐஸ் இருந்தது. புதுப் பெட்டி ஒன்றில், பழச்சாறு பாட்டில்களைச் சுற்றி.

"ஐயோ, அது சீஃப் கெஸ்டுக்கும்மா."

ஒருவழியாக அதிகாரி வந்தார். சால்வை போட்டார்கள். கடல்காற்றில் குத்துவிளக்குத் திரி பிடிவாதமாக அணைந்தது. கடலோர மகளிரின் வியர்வையைப் பற்றி அவர் பேசினார். நடுநடுவே சில்லென்ற சாறு தொண்டையை நனைத்தது. லோகாம்பாள் ஒரு சங்கராவின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி எழவில்லை.

இடுப்பில் போன் அடித்தது. ராஜம்.

"எங்க இருக்க லோகாம்பா? மருமகப்புள்ள பசியோட உக்காந்திருக்காரு. கோழி எடுத்தாரச் சொல்லிட்டேன். இனிமே கோட்டுச்சேரிக்காரிகிட்ட வாங்கிக்கிறேன், நீ அலையாத."

"அம்மா, இந்தா கெளம்பிட்டேம்மா..." போன் வைக்கப்பட்டிருந்தது. மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெட்டி படத்தில் புதிதாகத் தெரிய வேண்டுமே. ரஞ்சித்குமார் பாட்டில்களை எடுத்துவிட்டு, மிச்ச ஐஸை மணலில் கவிழ்த்து, கைக்குட்டையால் உள்ளே துடைத்துக் கொடுத்தார்.

"சிரிங்கம்மா" என்றார் படம் எடுப்பவர்.

மறுநாள் வெயில் ஏறியதும் ரஞ்சித்குமார் அவள் வீட்டுக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பெட்டி பயன்பாட்டுல இருக்குற படம் மண்டலத்துலேர்ந்து கேக்குறாங்கம்மா."

"பயன்பாட்டுலதான் சார் இருக்கு. எடுத்துக்கங்க."

பெட்டியின் அகலமான மூடி முற்றத்து வெயிலில் கிடந்தது. அதன்மேல், வயிறு கீறி உப்புத் தடவிய சங்கராக்கள் கருவாடாகக் காய்ந்துகொண்டிருந்தன. ரஞ்சித்குமார் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எழுத்து தெரியலம்மா. மீனக் கொஞ்சம் ஒதுக்குங்களேன்."

லோகாம்பாள் குந்தி உட்கார்ந்து, வங்கியின் பெயர் முழுதாகத் தெரியும்வரை ஒவ்வொரு மீனாக எடுத்து மண்ணில் வைத்தாள். வேலிக் காக்கைகள் இறங்கி வந்தன.